குறிஞ்சாவுக்கு −9.4 வந்தால் மருந்து கிடைத்துவிட்டதா?

யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு இரசாயனவியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. சிறுகுறிஞ்சா இலையில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலத்தை, சாப்பாட்டின் மாப்பொருளைக் குடலில் குளுக்கோஸாக உடைப்பதால் சலரோகத்தோடு தொடர்புடைய அல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியத்தில் ஓட்டோடொக் வீனா மென்பொருளால் பொருத்திப் பார்த்திருக்கிறார். −9.4 வந்திருக்கிறது. வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் அகார்போஸுக்கு −7.9தான். "அப்படியென்றால் எங்கட குறிஞ்சா அகார்போஸை விட நல்ல மருந்தா? பெரிய ஆய்வுகூட வசதி இல்லாமல், கணினியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, அந்த இரண்டு எண்களை வைத்து எது நல்ல மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல தூரம் போகலாம். கணினியை எந்தக் கட்டத்தில் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் அந்த −9.4. ஓட்டோடொக் வீனாவை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஒலெக் ட்ரொட், ஆர்தர் ஒல்சன் இருவரும் எழுதி 2010-இல் வெளியிட்டார்கள். இலவசம், வேகம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். ஒரு மூலக்கூறு புரதத்தின் பள்ளத்தில் எப்படி உட்காரும், எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று அது மதிப்பிடுகிறது. விடை கிலோகலோரி/மோல் அலகில் வரும்; எண் பூச்சியத்துக்குக் கீழே போகப் போக இறுக்கம் கூடும். இந்த அலகில் ஏறக்குறைய 1.4 வித்தியாசம் வந்தால் பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறும். வீனாவை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் கொடுத்த வழு ஏறக்குறைய 2.85. உங்கள் இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பதோ 1.5. அதாவது அளவுகோலின் வழுவுக்குள்ளேயே உங்கள் முழு முடிவும் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளத்தின் சுவரோடு எத்தனை அணுக்கள் தொடுகின்றன என்பதைக் கூட்டித்தான் பெரும்பாலும் இந்தப் புள்ளி வருகிறது. பெரிய மூலக்கூறு கூடுதலாகத் தொடும், கூடுதல் புள்ளி வாங்கும். ஜிம்னெமிக் அமிலத்தின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 807. அகார்போஸுக்கு 645. அதோடு ஜிம்னெமிக் அமிலத்தின் நடுவில் விறைப்பான ஐந்து வளையங்கள் இருக்கின்றன. அகார்போஸ் வளைந்து நெளியும் ஆள், அந்த நெளிவுக்கு வீனா புள்ளி குறைக்கும். போட்டி தொடங்கும் முன்பே உங்கள் சேர்மத்துக்கு ஒரு சலுகை கிடைத்துவிட்டது.

இதைச் சோதிக்க இலங்கையிலேயே அருமையான ஓர் உதாரணம் இருக்கிறது. கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சலரோகக்காரர் குடிப்பார்கள். நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தச் செடியிலிருந்து 1997-இல் ஜப்பானின் மசயுகி யோஷிகாவா குழு சலசினோல் என்ற சேர்மத்தையும், அடுத்த ஆண்டு கொத்தலனோலையும் பிரித்தெடுத்தது. இரண்டுமே அதற்கு முன்பு யாரும் கண்டிராத அமைப்பு: ஒரு சீனி வளையம், அதில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட கந்தகம், பக்கத்தில் ஒரு சல்பேற்று. பிற்பாடு கனடாவில் மரியோ பின்ரோ, டேவிட் ரோஸ் ஆகியோரின் குழுக்கள் இவற்றை மனிதக் குடலின் அல்ஃபா குளுக்கோசிடேஸ்களில் ஒன்றான மோல்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் நொதியத்தில் அளந்து பார்த்தன. நொதியத்தின் ஒரு பாதியில் அகார்போஸின் தடுப்பு மாறிலி (இது குறையக் குறைய வலிமை கூடும்) 62 மைக்ரோமோலர். சலசினோலுக்கு 0.19. ஏறக்குறைய முந்நூறு மடங்கு வலிமை. ஆனால் சலசினோலின் மூலக்கூற்று நிறை வெறும் 334!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் ஜிம்னெமிக் அமிலத்துக்குச் செய்த அதே முறையில், அதே பெட்டி (புரதத்தில் வீனா தேடும் இடத்தின் எல்லை) அளவில், சலசினோலையும் பொருத்திப் பாருங்கள். கூடவே எல்லாச் செடியிலும் கிடக்கும் பீற்றா-சிற்றோஸ்டெரோலையும் போடுங்கள். கொழுப்புத்தன்மை கொண்ட அந்தச் சிற்றோஸ்டெரோல் சலசினோலை முந்திக்கொண்டு மேலே வந்தால், உங்கள் முறைக்கு இந்த நொதியத்தில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த முறையால் எந்தச் செடியைப் பற்றியும் ஒன்றும் சொல்லக்கூடாது. கந்தகத்தின் மின்னேற்றம், சல்பேற்று, சுற்றியுள்ள நீர் ஆகியவற்றை வீனா சரியாகக் கையாளாது. அதனால் இந்தச் சோதனையில் அது தடுமாற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தெரிந்த மருந்துகளையும் தெரிந்த பயனற்றவைகளையும் கலந்து போட்டு, முறை அவற்றைப் பிரிக்கிறதா என்று பார்க்காத டொக்கிங் (இப்படிக் கணினியில் பொருத்திப் பார்ப்பது) கட்டுரையை நான் வாசிப்பதே இல்லை.

அடுத்தது, எந்தப் புரதத்தில் பார்த்தீர்கள்? கேள்வியில் எழுதவில்லை. புரதத் தரவு வங்கியிலிருந்து எடுத்த கோப்பு 3ஏ4ஏ என்றால் அது ஈஸ்ட்டின் நொதியம். நிறையப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆய்வுகூடச் சோதனைக்கு வாங்கும் மலிவான நொதியமும் ஈஸ்ட்டிலிருந்து வருவதுதான். ஈஸ்ட் நொதியமும் நம் குடல் நொதியமும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். அகார்போஸ் ஈஸ்ட் நொதியத்தை மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். "எங்கள் மூலிகை அகார்போஸை விடப் பல மடங்கு சிறந்தது" என்று வரும் கட்டுரைகளில் கணிசமானவற்றின் இரகசியம் இதுதான்: ஈஸ்ட்டில் அளந்திருப்பார்கள், அங்கே அகார்போஸைத் தோற்கடிப்பது பெரிய வேலை இல்லை. மனித நொதியத்துக்கு 2கியூஎம்ஜே என்ற கோப்பை எடுங்கள். அகார்போஸ் உட்கார்ந்த நிலையிலேயே எடுத்த படிகப் படம் அது. அகார்போஸை வெளியே எடுத்துவிட்டு வீனாவைக் கொண்டு திரும்ப உட்கார வையுங்கள். படத்தில் இருக்கும் நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ரமுக்குள் வந்தால் சரி. 443-ஆம் இடத்தில் இருக்கும் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பக்கத்தில் அதன் நுனி வளையம் இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். அந்த நொதியம் சீனியை வெட்டுவது அந்த இடத்தில்தான்.

மூலக்கூறைத் தயார்ப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். ஜிம்னெமிக் அமிலம் மாதிரி இயற்கைச் சேர்மங்களில் இடம்-வலம் மாறக்கூடிய காபன் மையங்கள் ஏராளம். ஒன்று மாறினாலும் அது வேறு மூலக்கூறு. தரவுத்தளத்தில் தட்டையாக வரைந்திருப்பதை எடுத்து முப்பரிமாணமாக்கினால் மென்பொருள் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கத்தைத் தெரிவு செய்துவிடும். சேர்மங்களைத் தேட, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இம்ப்பாட் தரவுத்தளம் நல்லது. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகளும் 17,967 சேர்மங்களும் இருக்கின்றன. எங்கள் வளவில் நிற்கும் செடிகளில் பெரும்பாலானவை அதில் கிடைக்கும். ஆனால் ஒரு சேர்மம் ஒரு செடியில் "இருக்கிறது" என்ற பதிவு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரு கிலோ இலையில் சில மில்லிகிராம் மட்டும் இருக்கிற சேர்மத்தை வைத்து, வறை சாப்பிட்டால் சீனி குறையும் என்று எழுத முடியாது.

லிப்பின்ஸ்கியின் விதியைப் பற்றி உங்கள் விரிவுரையில் சொல்லியிருப்பார்கள்: மூலக்கூற்று நிறை 500-க்குள், ஐதரசன் வழங்கிகள் ஐந்துக்குள், இப்படி. 1997-இல் வந்த விதி. வாயால் விழுங்கும் மருந்து இரத்தத்தில் சேருமா என்று பார்க்க உதவும். அதை வைத்து ஜிம்னெமிக் அமிலத்தைக் கழித்துவிடாதீர்கள். உங்கள் நொதியம் இருப்பது குடல் சுவரில். மருந்து இரத்தத்துக்குப் போகவே தேவையில்லை. அகார்போஸும் அந்த விதியை மீறுகிறது. உடலில் உறிஞ்சப்படுவது மிகச் சொற்பம். ஆனாலும் மருந்தாக வேலை செய்கிறது. அதுவும் ஒரு மண் பக்டீரியா தந்த இயற்கைச் சேர்மம்தான். நீங்கள் குடல் நொதியத்தைத் தெரிவு செய்தது நல்ல தெரிவு என்று நான் நினைப்பது இதனால்தான். சிறுகுறிஞ்சாவில் இருப்பது போன்ற பெரிய, சீனி ஒட்டிய சேர்மங்களுக்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

குறிஞ்சாவைப் பற்றி இன்னொரு விஷயம். திருநெல்வேலிச் சந்தையில் கட்டாக வாங்கி வறை வறுக்கிறோமே, அது எந்தக் குறிஞ்சா? சிறுகுறிஞ்சா வேறு இனம், பெருங்குறிஞ்சா வேறு இனம். ஜிம்னெமிக் அமிலம் சிறுகுறிஞ்சாவுக்குரியது. வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு பச்சை இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, நாக்கில் ஒரு சிட்டிகை சீனி வையுங்கள். சிறுகுறிஞ்சா என்றால் சீனி மண் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் புரதத்தை ஜிம்னெமிக் அமிலம் சிறிது நேரம் மறித்துவிடுகிறது. ஆனால் ஆய்வுக்கு நாக்கு போதாது. பூவோடு ஒரு கொப்பு எடுத்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, எடுத்த இடமும் திகதியும் எழுதி, தாவரவியல் துறையில் ஒரு மாதிரியாகக் கொடுத்துவிடுங்கள். கைதடியில் சித்த மருத்துவம் கற்பிப்பவர்களிடமும் காட்டுங்கள். எந்தப் பருவத்து இலை, எந்தப் பாகம் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கைதடியைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. பரராசசேகரம், செகராசசேகரம் போன்ற யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்களை நம்மவர்கள் பெரும்பாலும் மூலிகைப் பட்டியலுக்காகத்தான் புரட்டுகிறார்கள். எனக்கு அவற்றில் பெறுமதியாகத் தெரிவது செய்முறை. கஷாயமா, பச்சைச் சாறா, நெய்யில் காய்ச்சியதா, பாலில் கலந்ததா என்று பாருங்கள். கஷாயத்தில் இறங்குவது நீரில் கரைவது, நெய்யில் இறங்குவது கொழுப்பில் கரைவது. எந்தச் சேர்மத்தை எந்தத் திரவத்தில் தேட வேண்டும் என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. சீனாவின் தூ யூயூ மலேரியா மருந்தைக் கண்டது இப்படித்தான். 4-ஆம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய குறிப்பில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார். 1972-இல் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசு. நாம் ஒடியல் மாவை ஊறவைத்து, கசப்பு நீரை ஊற்றிவிட்டுத்தானே கூழ் காய்ச்சுகிறோம். அதையும் ஓர் இரசாயனத் தகவலாக எடுத்து ஆராயலாம்.

சரி, கணினிக்கு வருவோம். எந்த ஒழுங்கில் செய்வது? டொக்கிங்கில் தொடங்கி ஆய்வுகூடத்தில் முடிக்க நினைக்கிறீர்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் இலைச் சாறு உண்மையில் நொதியத்தைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். எலிக் குடலிலிருந்து எடுத்த தூள் நொதியம் விற்பனைக்குக் கிடைக்கிறது. அதில் மோல்டோஸைப் போட்டு, எவ்வளவு குளுக்கோஸ் வெளியே வருகிறது என்று அளக்கலாம். ஈஸ்ட் நொதியமும் நைத்திரோபீனோல் ஒட்டிய சீனியும் வைத்துச் செய்யும் மஞ்சள் நிறச் சோதனை மலிவானது, ஆனால் ஈஸ்ட்டின் குறை அதில் அப்படியே இருக்கும். மஞ்சளை 405 நானோமீற்றரில் அளக்கும்போது இலைச் சாறும் மஞ்சளாக இருந்தால் கணக்கு பிழைக்கும். நொதியம் போடாத ஒரு குழாயையும் கட்டாயம் வையுங்கள்.

இன்னொரு பொறி: சில சேர்மங்கள் தண்ணீரில் குமிழ்போலத் திரண்டு நொதியத்தை விழுங்கிவிடும். பார்ப்பதற்குத் தடுப்பு மாதிரி இருக்கும். பிரையன் ஷொய்கெற் குழு 2002 முதல் இதைத் தொடர்ந்து எழுதி வருகிறது. 0.01 சதவீதம் ட்ரைட்டன் என்ற சவர்க்காரத்தைச் சேர்த்துத் திரும்பச் செய்தால், பொய்த் தடுப்பு பெரும்பாலும் காணாமல் போகும். ஜிம்னெமிக் அமிலமும் ஒரு சப்போனின். சப்போனின்கள் குலுக்கினால் நுரைக்கும், தாங்களே சவர்க்காரம் மாதிரி நடக்கும். அதனால் உங்களுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பாகத் தேவை.

சாறு வேலை செய்தால் அதைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பகுதியைத் திணிவு நிறமாலைமானி (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) உள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இங்கேதான் கணினி பெரும் உதவி செய்கிறது என்பது என் அபிப்பிராயம். கலிஃபோர்னியாவில் பீற்றர் டொரஸ்டைன் குழு நடத்தும் ஜிஎன்பிஎஸ் என்ற திறந்த தளத்தில் உங்கள் திணிவு நிறமாலையை ஏற்றினால், உலகம் முழுவதும் சேர்ந்த நிறமாலைகளோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே தெரிந்த சேர்மங்கள் எவை, அவற்றின் உறவுக்காரர் எவை, எதுவோடும் பொருந்தாதவை எவை என்று வலைப்பின்னலாகக் காட்டும். பல மாதம் உழைத்துப் பிரித்த பிறகு "இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த குவர்செற்றின்" என்று தெரியவரும் துன்பத்தை அது மிச்சப்படுத்துகிறது. தளம் இலவசம், இணைய இணைப்பு இருந்தால் போதும். கொக்குவிலில் இருந்தும் செய்யலாம், கொலம்பியாவில் இருந்தும் செய்யலாம்.

அப்புறம்தான் டொக்கிங். இப்போது உங்களிடம் இருப்பது தரவுத்தளத்தில் இருந்து அள்ளிய நூற்றுக்கணக்கான பெயர்கள் அல்ல. செயற்படும் பகுதியில் உண்மையாகக் காணப்பட்ட இருபது முப்பது சேர்மங்கள். அவற்றில் எந்த ஐந்தை முதலில் தூய்மைப்படுத்திப் பார்ப்பது என்று தெரிவு செய்ய வீனாவிடம் கேளுங்கள். அதற்கு அது நன்றாக உதவும்.

மூலக்கூற்று இயக்கவியல் (மூலக்கூறுகள் நேரத்தோடு எப்படி அசைகின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது) செய்யவா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். அதற்கான குரோமாக்ஸ் மென்பொருள் இலவசம், செய்து பழகுங்கள். ஆனால் 100 நானோசெக்கன் ஓடவிட்டு மூலக்கூறு பள்ளத்திலேயே இருந்தது என்பது பெரிய சான்று இல்லை. தவறான நிலையிலும் அது அவ்வளவு நேரம் சும்மா இருக்கும். புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் அல்ஃபாஃபோல்டுக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது நியாயமானது, ஆனால் உங்கள் புரதத்துக்குப் படிகப் படமே இருக்கிறபடியால் அது இப்போது வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் எந்தப் புரதத்தில் பொருத்தினாலும் குர்குமின் நல்ல புள்ளி வாங்கும். 2017-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கத்ரின் நெல்சனும் மற்றவர்களும் குர்குமின் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக மதிப்பிட்டார்கள். 120-க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்திருந்தும், மருந்து எது, வெறும் மாத்திரை எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தியவற்றில் ஒன்றும் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அந்த மூலக்கூறு நிலையற்றது, பல சோதனைகளில் பொய்யான சைகை கொடுக்கும். கீழ்க்காய்நெல்லியும் அப்படி ஒரு கதை. 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டுபிடித்த நோபல் விஞ்ஞானி பாரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து லான்செற்றில் வெளியிட்டார்கள்: மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரிடம் வைரசின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவரிடம் மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. மனிதரிடம் செய்த பரிசோதனையையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நச்சுத்தன்மையை டொக்கிங் சொல்லாது. ஆடுதீண்டாப்பாளை இருக்கும் குடும்பத்தின் அரிஸ்டலோக்கிக் அமிலம் எந்தப் புரதத்திலாவது அழகாகப் பொருந்தும். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்குக் கொடுத்த மூலிகை மாத்திரையில் அது கலந்திருந்ததால் பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன, பிறகு புற்றுநோயும் வந்தது. ஆகவே உங்கள் முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும், வீட்டில் அம்மாவோ மாமியோ சலரோக மாத்திரையை நிறுத்திவிட்டுக் குறிஞ்சாச் சாறு குடிக்க விடாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தாலும் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

குறிஞ்சாவில் ஏற்கெனவே உலகம் முழுக்க வேலை நடக்கிறது. உங்களுக்கு விருப்பமென்றால் பனைப் பக்கம் வாருங்கள். பனம்பழக் களியின் கசப்புக்குக் காரணமான ஃபிளபெலிஃபெரின்கள் என்ற ஸ்டீராய்டு சப்போனின்களை ஸ்ரீ ஜெயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான்ஸ் குழு நீண்ட காலம் ஆராய்ந்தது. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை அவை குறைப்பதாகவும் கண்டார்கள். அந்தச் சேர்மங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சரியான கைப்பக்கத்தோடு வரைந்து, திறந்த தரவுத்தளங்களில் ஏற்றும் வேலை ஓர் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அளவானது. பனாட்டு, களி, கசப்புக் கூடிய பழம், கசப்புக் குறைந்த பழம் என்று மாதிரிகளும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும்போது மரத்துக்கு மரம் வேறாகச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் மரத்தின் அடையாளத்தை எழுதி உறைநிலையில் வையுங்கள்.

இப்போதைக்கு 2கியூஎம்ஜேயில் அகார்போஸைத் திரும்ப உட்கார வைத்த முடிவையும், சலசினோல், சிற்றோஸ்டெரோல், ஜிம்னெமிக் அமிலம் மூன்றுக்கும் வந்த எண்களையும் அனுப்புங்கள். பெட்டியின் மையமும் அளவும் எழுத மறக்க வேண்டாம். பார்த்துவிட்டு எங்கே திருத்த வேண்டும் என்று சொல்கிறேன்.